இஸ்திரி போட்ட உயில்

பிப்ரவரி 8

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அங்கே துறைமுகத்தில் குளிர் எப்படி? கிரேன் மேல் ஏறும்போது காதை மூடிக்கொள்கிறாயா? இருபது மாடி உயரத்தில் என் பெண் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் இறக்குகிறாள் என்று நினைத்தால் எனக்கு இங்கே தரையில் தலை சுற்றுகிறது.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் கோபித்துக்கொள்கிறோம், ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறோம். அத்தை காரியத்துக்கு உனக்கு லீவு கிடைக்காமல் போன அன்று நான் பேசியது எனக்கே பிடிக்கவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நானும்தான்.

விஷயம் இதுதான். அத்தையின் இரும்பு அலமாரியில் உயில் கிடைத்தது. இரண்டு தாள். டைப்பிஸ்ட் அல்லவா, அவளே டைப் அடித்திருக்கிறாள், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. வீடு முழுவதும் பாட்டு டீச்சருக்கு.

எனக்கு ஆச்சரியமில்லை. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இவள் ஆபீஸிலிருந்து வரும்போது அவர் முன்னறையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். உனக்கே தெரியும், அம்மா இறந்த வருஷம் நீ அங்கேதானே இருந்தாய். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு டீச்சரம்மா யாரோ ஒரு பெண்மணி. உயில் மட்டும் இல்லையென்றால் வீடு எனக்கும் உன் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி. டீச்சரம்மா அறுபத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உயிலை நிறைவேற்றுகிறவன் நான். 'எக்சிகியூட்டர்' என்று அடித்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் அதைத் தாண்டாத என்னை நம்பி! கோர்ட்டில் உயிலைக் கொடுத்து, அசல்தான் என்று நிரூபித்து, புரோபேட் என்று ஒரு சான்று வாங்க வேண்டுமாம். அது கையில் வந்தால்தான் வீடு டீச்சரம்மா பேருக்கு மாறும்.

நீ கவலைப்படாதே. உயில் பத்திரமாக இருக்கிறது. பார்த்தால் அசந்துபோவாய், அவ்வளவு சுத்தம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா

பிப்ரவரி 24

அன்புள்ள அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். காதை மூடிக்கொள்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், தனிக்குடித்தனம் வேண்டாம். இதை கேபினிலேயே எழுதுகிறேன்; கீழே கப்பலை இன்னும் கரையில் கட்டி முடிக்கவில்லை.

அன்று நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதை விடுங்கள்.

டீச்சருக்கு வீடு என்று படித்ததும் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எங்கள் ஷிப்ட் மேஸ்திரியின் அம்மா போன வருஷம் இறந்தார். அவரும் இந்தப் புரோபேட்டுக்கு அலைந்தவர். அவரிடம் கேட்டேன். முதலில் எந்தக் கோர்ட் என்று தெரிந்துகொள்ளச் சொன்னார், எல்லாக் கோர்ட்டும் இதை எடுத்துக்கொள்ளாதாம். அப்புறம் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

மிக முக்கியமாக இன்னொன்று சொன்னார். மூல உயிலை இருக்கிறபடியே கொடுக்க வேண்டும். கிளிப் மாட்டக் கூடாது, இருக்கிற ஊசியைக் கழற்றக் கூடாது. ஓட்டை ஒன்று கூடுதலாக இருந்தால்கூட, 'இதோடு வேறு எந்தத் தாள் இருந்தது, யார் எடுத்தது' என்று ஆரம்பித்துவிடுவார்களாம்.

'அவ்வளவு சுத்தம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அப்பா. நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே?

டீச்சரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மகள்

மார்ச் 12

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தைலம் தேய்த்தேன், இப்போது சலவைக் கடைக்கு வருகிறவர்கள் துணியை மோந்து பார்த்துவிட்டு வாங்குகிறார்கள்.

கோர்ட்டுக்குப் போய்வந்தேன். ஒரு கோர்ட் இல்லை, மூன்று கோர்ட். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருப்பதுதான் கோர்ட் என்று அறுபத்து நாலு வருஷமாக நினைத்திருந்தேன். அங்கே வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"வண்டி நம்பர்?"

"வண்டி இல்லீங்க, உயில்."

"உயில் சிக்னலைத் தாண்டுச்சா? ஐயா, இது வண்டிக்கு ஃபைன் கட்ற எடம். தள்ளுங்க."

அடுத்து, கடைக்கு எதிரே பேப்பர் விற்பவன் சொன்னான் என்று பூங்காவுக்குப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனேன். குடும்பச் சொத்து என்றால் குடும்பக் கோர்ட்தானே? வாசலில் ஒரு பெண் காவலர்.

"வீட்டம்மா வரலையா?"

"அவ போய் பதினோரு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப யாரை விவாகரத்து பண்ண வந்தீங்க?"

இந்த வயதில் இப்படி ஒரு கேள்வி கேட்க ஆள் இருக்கிறதே என்று சந்தோஷமாகவே திரும்பினேன்.

மூன்றாவதுதான் சரி. மாவட்ட நீதிமன்றம், மூன்றாவது மாடி, லிப்ட் என்று ஒன்று இருக்கிறது, பார்ப்பதற்கு. கவுண்டரில் ஒரு அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "கடைசியா அவங்க எங்க குடியிருந்தாங்க? வீடு எந்த எல்லைக்குள்ள வருது? சொத்து என்ன பெறும்? இந்த மூணையும் வச்சுத்தான் எந்தக் கோர்ட்டுன்னு முடிவாகும்" என்றார். சின்னச் சொத்து என்றால் கீழ்க் கோர்ட், வீடு வாசல் என்றால் இங்கே. "அவ ஆஸ்பத்திரியில போனா, அது ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றேன். "செத்த எடம் வேணாங்க, வாழ்ந்த எடத்தைச் சொல்லுங்க" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. கவுண்டரில் உட்கார்ந்து இப்படியும் பேசுகிறார்களே!

மனுவோடு மூல உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரம், வாரிசுகள் பட்டியல், சாட்சியின் பிரமாணப் பத்திரம் எல்லாம் வேண்டும். பிறகு என் தம்பிக்கு நோட்டீஸ் போகும், பேப்பரிலும் விளம்பரம் வரும். ஆட்சேபம் இருந்தால் யாரும் சொல்லலாம். சாட்சிகளில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர், எண்பது வயது, என்னைவிட நன்றாக மாடி ஏறுகிறார்.

அந்த மூன்றாவது மாடிப் படிக்கட்டு இருக்கிறதே, அதில் கைப்பிடி ஒரு பக்கம்தான். இறங்கும்போது மறுபக்கம் வந்துவிடுகிறது. இதைப் பற்றி ஒருநாள் விரிவாக எழுதுகிறேன்.

உன் அப்பா

மார்ச் 27

அன்புள்ள அப்பா,

சுகம். உங்கள் சுகம் அறிந்தேன்.

கைப்பிடி பற்றி எழுதியிருக்கிறீர்கள். லிப்ட் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கவுண்டர் அம்மாவின் கண்ணாடிக் கயிறு பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

உயிலை என்ன செய்தீர்கள்?

மகள்

ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் கீழே.

ஆமாம். உயிலுக்கு இஸ்திரி போட்டேன்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். அலமாரியிலிருந்து எடுத்தபோது இரண்டு தாளையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது. ஊசி துருப்பிடித்து மூலையில் காபித்தூள் நிறத்தில் கறை. நாலாக மடித்த மடிப்பு வேறு. நாற்பது வருஷமாகச் சலவைக் கடை வைத்திருக்கிறவன் கையில் கறையைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? மூளை எழுந்திருப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. ஊசியைக் கழற்றினேன். எலுமிச்சைச் சாறு, உப்பு, பஞ்சு. ஒற்றி ஒற்றி எடுத்தேன். மேலே மெல்லிய துணி விரித்து, பட்டுக்கு வைக்கிற சூட்டில் ஒரே இழுப்பு. கறை போச்சு, மடிப்பு போச்சு, அத்தையின் கையெழுத்தில் கடைசி வாலும் கொஞ்சம் போச்சு. பிறகு புது ஸ்டேப்ளர் பின், பழைய ஓட்டைக்குப் பக்கத்தில், நேராக. கோர்ட்டுக்குப் போகிற சாமான் கசங்கியா போகும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இது உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தின நாள்.

உன் முதல் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அதனால்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

மனுவைக் கொடுத்தபோது பதிவுப் பிரிவு அதிகாரி உயிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தேதி ஒம்பது வருஷம் பழசு. தாள் நேத்து வாங்கின மாதிரி இருக்கே?" என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டேன், மகளே. பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

"இந்த ஓட்டையில இருந்த ஊசி எங்க? கையெழுத்து ஏன் வெளுத்திருக்கு? இதோட இன்னும் எத்தனை தாள் இருந்துச்சு?" என்றார். இரண்டுதான் என்றேன். அதை என் வாயால் சொன்னால் போதாதாம். உயில் இந்த நிலைக்கு எப்படி வந்தது என்று தனியாகப் பிரமாணப் பத்திரம் கொடுத்து, நீதிபதி முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

இதற்குள் நோட்டீஸ் கிடைத்து உன் சித்தப்பா வந்து உயிலைப் பார்த்துவிட்டான். அவனைத்தான் தெரியுமே. பஸ் ஓட்டும்போதுகூடக் கண்டக்டரிடம் "ஒரு பாயிண்ட் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பான். "அண்ணே, ஒரு பாயிண்ட். மூணாவது தாள் ஒண்ணு இருந்திருக்கு. அதுல என் பேர் இருந்திருக்கும். அக்கா என்னை மறந்திருக்க மாட்டா" என்றான். ஆட்சேபம் கொடுத்துவிட்டான். அவனும் அத்தையும் பேசிப் பதினைந்து வருஷம் ஆகிறது. எதற்குச் சண்டை என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோன சண்டை.

டீச்சரம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் மோசம். பாட்டுப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளை வேறு டீச்சரிடம் அனுப்பிவிட்டாராம். "பரவாயில்லீங்க, நல்ல மனசோடதானே செஞ்சீங்க" என்றார். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்காக வாதாடுகிறவரைக் கோர்ட்டில் குடை வக்கீல் என்கிறார்கள், வெயில் மழை எதுவானாலும் குடை. அவர் ஒரு யோசனை சொன்னார். "நான் எடுத்தப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு ஒரு வரி போட்டுடலாம்ணே. யார் வந்து பார்த்தா?"

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா

மே 9

அன்பு மகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை நீ. மூன்று வாரமாகத் தபால்காரர் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

குடை வக்கீல் பத்திரத்தை டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். நாலு பக்கம். பொய் ஒரே வரிதான், அதுவும் மூன்றாவது பக்கத்தில், அடியில். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? உயில் கெட்டால் பாதி வீடு எனக்கு வரும். கெடுத்தவனும் நான். எந்த நீதிபதி நம்புவார்? பொய்யைச் சொன்னால் டீச்சரம்மாவுக்கு வீடு கிடைக்கலாம். உண்மையைச் சொன்னால் போனாலும் போகலாம்.

பேனாவை மூன்று தடவை எடுத்து மூடிவிட்டேன். விசாரணை ஜூன் கடைசியில்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது.

அப்பா

மே 18

அன்புள்ள அப்பா,

நலம். முழங்கால் எப்படி?

கோபமாகத்தான் இருந்தேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவதை எழுதும்போது 'ரொம்ப நன்றிங்க' ஞாபகம் வந்துவிட்டது. கேபினில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கீழேயிருந்து மேஸ்திரி வயர்லெஸ்ஸில், "மேல என்ன, கிரேன் ஆடுது?" என்றார். அதற்குப் பிறகு கோபப்பட முடியவில்லை.

அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். டைப் அடித்தவர் உங்களோடு கூண்டில் ஏற மாட்டார், குடையோடு வெளியே நிற்பார். அதோடு, அப்பா, உங்களுக்குப் பொய் வராது. அம்மாவுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போனால் வாசலிலேயே நின்று கதையைச் சொல்லிவிடுவீர்கள். நீதிபதி கேட்கிற இரண்டாவது கேள்வியில் எலுமிச்சம்பழம் வெளியே வந்துவிடும். அப்போது டீச்சருக்கு இருக்கிற ஒரு வழியும் அடைந்துபோகும்.

எல்லாவற்றையும் சொல்லுங்கள். பட்டுக்கு வைக்கிற சூடு உட்பட.

இந்த வாரம் இன்னொரு கடிதமும் எழுத வேண்டியிருந்தது. அதனால் இது சின்னது.

அன்புடன்,
மகள்

ஜூன் 12

அன்புள்ள அண்ணன் மகளுக்குச் சித்தப்பா எழுதும் கடிதம். நானும் சித்தியும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டே வரி எழுதியிருந்தாய். 'டீச்சர் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றால் வக்கீல் மூலம் சொல்ல வேண்டாம் சித்தப்பா. நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.' திமிர் பிடித்தவள் என்று சித்தியிடம் சொன்னேன். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அப்படியே போனேன், காக்கிச் சட்டையோடு.

முதல் பாயிண்ட். அந்த அம்மா என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். சாவிக்கொத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பின்கதவைத் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டு விழும் என்றார். குளியலறைக் குழாயை இடது பக்கம் திருப்பினால்தான் நிற்கும் என்றார். மழைக்கு மாடி ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்றார். வீட்டை ஒப்படைக்கிறார், குற்றம் சொல்லவில்லை. நான் சொல்லப் போனதை விட்டுவிட்டு டீயைக் குடித்தேன்.

இரண்டாவது பாயிண்ட். புறப்படும்போது கேட்டேவிட்டேன். "எங்க அக்கா என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாங்களா?" என்று. "பேச மாட்டாங்க. ஆனா எங்கயாவது பஸ் விபத்துன்னு செய்தி வந்தா, உடனே போனை எடுத்து உங்க நம்பரைப் போடுவாங்க. உங்க குரல் கேட்டதும் வச்சிடுவாங்க. அப்புறம்தான் சாப்பிடுவாங்க" என்றார்.

பதினைந்து வருஷமாக என் வீட்டுக்கு அப்படி போன் வரும். எடுத்தால் பேச்சு இருக்காது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நான் அந்த போனில் கண்டபடி திட்டியிருக்கிறேன். என்னென்ன திட்டினேன் என்று உனக்கு எழுத முடியாது.

விசாரணைக்குப் போவேன். அங்கே என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது தாள் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது.

அண்ணனிடம் இதைச் சொல்லாதே. அழுதேன் என்று ஊரெல்லாம் சொல்வான்.

சித்தப்பா

ஜூலை 3

அன்பு மகளுக்கு,

நான் சுகம், சுகம், சுகம். மூன்று முறை எழுதியதற்குக் காரணம் உண்டு.

விசாரணை முடிந்தது. குடை வக்கீலிடம், "அந்த ஒரு வரியை எடுத்துட்டு நடந்ததைப் போடுங்க" என்றேன். "எலுமிச்சம்பழத்தையுமா?" என்றார். "உப்பையும்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு டைப் அடித்தார்.

நீதிபதி ஒரு அம்மா. பத்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஊசியை எதுக்குக் கழட்டினீங்க?"

"கறை இருந்ததுங்கம்மா."

"கறை இருந்தா?"

"எடுத்துடுவேங்கம்மா. அதான் தொழில்."

பின்னால் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள்.

"சட்ட ஆவணத்தை யாராவது இஸ்திரி போடுவாங்களா?"

"போடக் கூடாதுன்னு இப்பத் தெரியுதுங்கம்மா. இதோட கொடுத்த மத்தத் தாளையும் போட்டுத்தான் கொடுத்திருக்கேன்."

அவர் கட்டைத் திறந்து ஒவ்வொரு தாளாக விரலால் தடவினார். வீட்டு வரி ரசீது, சொத்து விவரம், வாரிசுப் பட்டியல், எல்லாம் வழவழ என்று கண்ணாடி மாதிரி. பட்டியலை எடுத்து அதிகாரியிடம் நீட்டித் தடவிப் பார்க்கச் சொன்னார். அத்தையின் இறப்புச் சான்றிதழுக்கு வந்ததும் நின்றார். அதன் முத்திரை மை எதிர்த்தாளில் இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது.

"இதையுமா?"

"அதுல சூடு கொஞ்சம் கூடிப்போச்சுங்கம்மா."

இந்த முறை யாரும் தும்மவில்லை, நேராகவே சிரித்தார்கள். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த உயில் செல்லாமப் போனா பாதி வீடு உங்களுக்கு வரும். தெரியுமில்ல?"

"தெரியுங்கம்மா. அதான் ரெண்டு மாசமா சோறு எறங்கல. கெடுத்தவனும் நான், லாபமும் எனக்குன்னா என்னை நானே நம்ப மாட்டேன். நீங்க எப்படி நம்புவீங்க?"

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குடை வக்கீல் குடையைக் கீழே போட்டுவிட்டார். நீதிபதி என்னவோ குறித்துக்கொண்டார்.

அடுத்து மருந்துக்கடைக்காரர். "நீங்க கையெழுத்துப் போட்டப்ப எத்தனை தாள்?"

"ரெண்டு. ரெண்டுலயும் போட்டேன். அந்தம்மாவும் என் கண்ணு முன்னாலதான் போட்டாங்க. மூணாவது இருந்தா அதுலயும் போட வச்சிருப்பாங்க. என் பில்லுல ஒரு புள்ளி இல்லன்னாகூடத் திருப்பி அனுப்புற ஆளு அவங்க."

பிறகு, "ஆட்சேபம் சொன்னவர் யாரு?" என்றார் நீதிபதி.

உன் சித்தப்பா எழுந்தான். "அம்மா, ஒரு பாயிண்ட்" என்றான். தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூணாவது தாள் இருக்குன்னு நெனச்சேன். இல்லீங்க. எங்க அண்ணன் பைத்தியக்காரன்தான், ஆனா திருடன் இல்ல. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டான். நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். உயிலின் நிலைக்குக் கொடுத்த விளக்கத்தை ஏற்றுக்கொள்வதாகவும், புரோபேட் வழங்கலாம் என்றும் சொன்னார். எழுந்திருக்கும் முன் என்னைப் பார்த்து, "தீர்ப்பு நகல் உங்க கைக்கு வரும். அது எப்படி வருதோ அப்படியே இருக்கட்டும்" என்றார்.

படியிறங்கும்போது முழங்கால் வலிக்கவேயில்லை. அதைக் கவனித்ததும் வலிக்க ஆரம்பித்தது.

ஒன்று சொல்கிறேன், பெருமை என்று நினைக்காதே. நான் கூண்டில் நின்று பேசிய பேச்சில்தான் தம்பி கரைந்தான். என்னைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான், கண் சிவந்திருந்தது. நான் கொஞ்சம் படித்திருந்தால் வக்கீலாகியிருப்பேன் போலிருக்கிறது.

உன் அப்பா

ஜூலை 15

அன்புள்ள அப்பா,

நலம். இன்று கப்பல் தாமதமாக வந்தது. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதில் ஒரு தடவை மேஸ்திரிக்காக உரக்கப் படித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துத்தான்.

ஆமாம் அப்பா. உங்கள் பேச்சில்தான் சித்தப்பா கரைந்திருப்பார். வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆனால் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டுத் துளைக்காதீர்கள், கூச்சப்படுவார்.

புரோபேட் கைக்கு வந்ததும் டீச்சரிடம் நீங்கள் இருவருமே சேர்ந்து போய்க் கொடுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். கைப்பிடி பற்றி வேண்டாம். டீச்சர் என்ன சொன்னார் என்று மட்டும்.

அக்டோபரில் பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மகள்

ஆகஸ்ட் 22

அன்பு மகளுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கும் அப்படியே இருக்கட்டும். அக்டோபர் என்று படித்ததும் உன் அறைத் திரையைத் துவைத்துப் போட்டுவிட்டேன்.

புரோபேட் வந்துவிட்டது. நேற்று சித்தப்பாவும் நானும் கொண்டுபோனோம். வழியில் அவன் ஒரு பாயிண்ட்கூடச் சொல்லவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். வீட்டில் முன்னறை முழுக்க அட்டைப்பெட்டி. உட்கார இடமில்லாமல் மூன்று பேரும் நின்றோம்.

டீச்சரம்மா நின்றபடியே படித்தார். முத்திரை முதல் கடைசிக் கையெழுத்து வரை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். எனக்கு நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவரோ தாளை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு பெட்டியைக் கிளறிச் சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். போனுக்குப் பக்கத்தில் போய் ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்து நம்பரைச் சுழற்றினார்.

"நான்தான், பாட்டு டீச்சர். நாளைக்கு அஞ்சு மணிக்குப் பிள்ளையை அனுப்புங்க… ஆமா, மறுபடியும் ஆரம்பிக்கிறேன்… எங்கயா?" என்று கேட்டுவிட்டு முன்னறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "அதே வீடுதாங்க" என்றார்.

வைத்துவிட்டு அடுத்த நம்பர். பதினோரு பிள்ளைகள். நாங்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிகளைப் பிரித்துப் புத்தகங்களை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தோம். எது எங்கே என்று தெரியாது, தப்புத் தப்பாகத்தான் அடுக்கினோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அதே வீடுதாங்க… ஆமாம்மா, அதே வீடுதான்…" ஒவ்வொரு போனுக்கும் குரல் கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.

பதினோராவது போனில் அந்தப் பக்கம் எடுத்தவர் ஹலோ சொல்லி முடிப்பதற்குள், யார் என்றுகூடச் சொல்லாமல், "அதே வீடுதான்" என்றார்.

உன் அப்பா